மூக்கைப் பொத்தும் இடம்

மாலை வகுப்பில், எங்கள் பகுதி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். ‘அருவருப்பு’ என்று தொடங்கினேன். அதிகப்படியோ என்று அடித்தேன். யோசித்ததில் வேறு சொல் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எண்ணூர் போகும் சாலையில் ஒரு ரசாயனக் கம்பெனி தன் பழைய கேன்டீனை வெள்ளையடித்துத் திறந்திருக்கும் அருங்காட்சியகம் அது. கூடப் படிக்கும் மோகனப்ரியா தன் அம்மா முத்தம்மாவையும் அழைத்து வந்தாள். அவர் திருவொற்றியூரில் மீன் விற்பவர். கல்யாணமான நாளிலிருந்து தலையில் சுமந்த அலுமினிய அன்னக்கூடையை, “உங்க உழைப்ப ஊரே பாக்கட்டும்” என்று கம்பெனிக்காரர்கள் கேட்டதால் கொடுத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் பட்டுப் புடவை கட்டி வந்திருந்தார்.

உள்ளே ரோஜா சென்ட் தொண்டையில் ஒட்டியது. துறைமுகப் படங்களையும் துருப்பிடித்த நங்கூரத்தையும் தாண்டி, கடைசி மூலையில் கூடை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மீன்காரி பொம்மை. வாயோரம் வெற்றிலைச் சாறு வழிவதுபோல் சிவப்புப் பெயின்ட். சண்டைக்கு நிற்பவள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார்கள். கூடைக்குள் பிளாஸ்டிக் மீன்கள். பக்கத்தில் பலகை: ‘மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு செல்ஃபி!’

ஒரு குடும்பம் வரிசையாக நின்று மூக்கைப் பொத்திச் சிரித்தது. எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று கிட்டே போய் மோந்துகூடப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் என்ன நாற்றம் இருக்கும்?

“இன்னாடி இது, கௌசரு?” என்றார் முத்தம்மா. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். படித்துவிட்டுத்தான் என்னைக் கேட்டார்.

“வாம்மா, போலாம்,” என்று மோகனப்ரியா அவர் கையைப் பிடித்தாள்.

“என் கூடைய வுட்டுட்டு எங்கடி வர்றது?”

பொறுப்பாளர் ரெஜி ஓடி வந்தார். “அக்கா, தொடாதீங்க. சும்மா தமாஷுக்கு வச்சது.”

“தமாஷா? இரு நைனா, நானும் ஒண்ணு காட்றேன்.”

பொம்மைக்குப் பின்னாலிருந்த ஜன்னலை இழுத்துத் திறந்தார். கம்பெனிப் புகைபோக்கியின் காற்று உள்ளே வந்தது. அழுகிய முட்டையும் கருகிய டயரும் சேர்ந்த நாற்றம். செல்ஃபிக்காரர்கள் இப்போது நிஜமாகவே மூக்கைப் பொத்தினார்கள். ரெஜியும் பொத்தினார்.

“இப்ப எடு போட்டோ,” என்றார் முத்தம்மா. “மூஞ்சி எல்லாம் ஷோக்கா கீது.”

அந்தக் குடும்பத்துக் குழந்தை இருமியது. நானாவது ஜன்னலை மூடியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

முத்தம்மா மீன்களைப் பொம்மையின் காலடியில் கொட்டிவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்தார்.

“அக்கா, அது கம்பெனி சொத்து!”

“உங்க கம்பெனி சொத்து மேல பொகையா போய்கினு கீது. ஓடு, அத்தப் புடி.”

ஷேர் ஆட்டோவில் கூடையை மோந்தவர் முகம் சுளித்தார். “த்தூ! சென்ட்டு அடிச்சிக் கலீஜ் பண்ணி வச்சிகீறானுங்கோ.”

குப்பத்துக் கரையில் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணல் போட்டுத் தேய்த்தார். நாங்களும் தேய்த்தோம். கம்பெனிக்காரர்கள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதிதான் வந்தது. ரோஜா வாடை போகவே இல்லை.

“நல்லாத் தேய்ங்கடி,” என்றார். “நாளிக்கு மீன் வாங்க வர்றவங்கோ மூக்கப் பொத்திக்குவாங்கோ.”