ஆதாமின் தகப்பன்

"நீ பொய் சொல்ல வேண்டாம் அக்கா. கேக்கும்போது ஆமான்னு தலையை ஆட்டினாப் போதும்" என்றான் கில்பர்ட்.

பைபிளின் மேல் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவதற்கும் பொய் சொல்வதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விளக்குவான். என் தம்பிக்கு விளக்குவது பிடிக்கும்.

மேசையில் ஒரு தோல் பத்திரத்தை விரித்து வைத்திருந்தான். ஷ்ரூஸ்பரியில் வம்சாவளிப் படம் வரைந்து பிழைக்கும் ஒருவனிடம் போன மாதம் வாங்கி வந்தது. முந்நூறு வருடங்களுக்கு முன் சர் வால்டர் என்ற வீரர் தன் பேரன் ஆதாமுக்குத் எங்கள் ஊரான தார்ன்லோவின் புல்வெளியை எழுதிக் கொடுத்ததாக அதில் இருந்தது. பழையதாகத் தெரிய வேண்டும் என்று அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள் போலும். புகை போட்ட பன்றித்தொடையின் வாசம் அடித்தது.

"இதை அப்பா பெட்டியில நீ சின்ன வயசுலயே பாத்திருக்க. அவ்வளவுதான்."

"பாக்கலையே."

"பாத்திருக்க" என்றான். "இங்க பாரு. சனிக்கிழமை சந்தையில நம்ம பேரைக் கூவினாங்கன்னா, ஞாயித்துக்கிழமை உன் பெட்டி வாசல்ல கிடக்கும். நான் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

நாற்பது வருட இடைவெளிக்குப் பிறகு அரசரின் கொடிவழி அதிகாரி எங்கள் பக்கம் வந்திருந்தார். ஆஷ்ஃபோல்டில் வெள்ளை மான் விடுதியின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, வாசலில் கனவான்களுக்கு உரிய கேடயச் சின்னம் மாட்டியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டிருந்தார். சின்னம் எங்கிருந்து வந்தது, யாருக்கு யார் மகன் என்று பத்திரத்தோடு காட்ட வேண்டும். காட்டியவர்களை ஒரு பெரிய புத்தகத்தில் எழுதிக்கொள்வார். காட்ட முடியாதவர்களின் பெயரைச் சந்தைச் சிலுவையின் அடியில் மணியடித்துப் படிப்பார்கள்: இன்னார் கனவான் அல்ல. முட்டை விற்கிறவளும் வாத்து விற்கிறவனும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

எங்கள் வாசலிலும் மூன்று நாரைகள் இருந்தன. சர் வால்டரின் நாரைகள். அவர் தேவாலயத்தில் கல்லாகப் படுத்திருக்கிறார், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. பேரனுக்குப் பிறகு அவர் வம்சத்தில் ஆளில்லை. கேட்க ஆளில்லாத நாரைகளை எங்கள் தாத்தா கரண்டியில் பொறித்தார், அப்பா கதவில் வரைந்தார், கில்பர்ட் ஆலயத்தின் முன்வரிசை இருக்கையில் செதுக்கினான். தன் மூக்கும் சர் வால்டரின் மூக்கும் ஒன்றே என்பான். கல்லில் மூக்கு பாதி உடைந்து போயிருந்தது.

எங்களிடம் நிஜமாக இருந்ததில் மிகப் பழையது ஒரு பத்திரம். ஆயிரத்து நானூற்று இரண்டாம் வருடத்தியது. அதில் எங்கள் முன்னோர் ஒருவர் தன்னை "ஆதாமின் மகன் நிக்கலஸின் மகன் ஜான்" என்று சொல்லிக்கொள்கிறார். ஜானிலிருந்து கில்பர்ட் வரை எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. ஆதாமுக்கு மேலே ஒன்றுமில்லை. அந்த ஓட்டையைத்தான் ஷ்ரூஸ்பரிக்காரன் அடைத்துக் கொடுத்திருந்தான்.

ஒன்றுமில்லை என்று கில்பர்ட் நினைத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும். என் கணவர் லட்லோவில் வக்கீலாக இருந்தார். அவருக்குக் கண் மங்கிய பிறகு பழைய லத்தீன் பத்திரங்களை நான்தான் படித்து நகலெடுத்தேன். பதினோரு வருடங்களுக்கு முன் அப்பா செத்தபோது அவர் பெட்டியைக் குடைந்ததில், கணக்குச் சீட்டுகளுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு கிடைத்தது. ஏழு வரி. ஆதாமின் தகப்பன் யார் என்பது அதில் இருந்தது. நான் அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் கில்பர்ட் தன் நார்மன் ரத்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் அந்த ஏழு வரிகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். கணவர் இறந்த பிறகு ஐந்து வருடமாகப் பால் அறைக்கு மேலே, புளித்த தயிர் வாடையில், என்னைப் படுக்க வைத்திருந்தவனின் வீட்டில் எனக்கு அது ஒன்றே விருந்தாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் உறையைப் பிரித்து அதைக் சட்டைக்கைக்குள் செருகிக்கொண்டேன். பொய்ச்சத்தியம் செய்ய எனக்கு மனமில்லை. பால் அறை மாடியை விட்டுப் போகவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தத் துண்டு ஒரு வழி காட்டும் என்று நினைத்தேன்.

அதிகாரியின் பெயர் கேல். ஒல்லியான மனிதர். மழைக்காலச் சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கணப்பருகே கால் நீட்டி எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் ரோஜர் பென்னல் பீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் வேலை திங்களன்றே முடிந்துவிட்டது. எங்களைப் பார்க்கத்தான் வந்திருந்தார். எங்களுக்குப் பெயர் போனால் ஆலயத்தின் முன்வரிசை அவருக்கு.

"வாங்க வாங்க" என்றார் பென்னல். "நாரையெல்லாம் நனைஞ்சு போச்சா?"

கில்பர்ட் அவரைத் திரும்பிப் பார்க்காமல் பத்திரத்தை மேசையில் வைத்தான். கேல் குனிந்து படித்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"இது என்ன?"

"சர் வால்டர் கையெழுத்துங்க ஐயா" என்றான் கில்பர்ட். "அவரே போட்டது."

கேல் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எந்த வீரரும் பத்திரத்துல கையெழுத்துப் போட்டதில்ல. மெழுகுல முத்திரையை அழுத்துவாங்க, அதோட சரி. பேனா பிடிக்கறது குமாஸ்தாவோட வேலை. உங்க வால்டருக்குத் தன் பேரை எழுதத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்."

"கையெழுத்துப் போடத் தெரியாதவர் எப்படி ஐயா கனவானா இருக்க முடியும்?"

அவன் உண்மையாகவே கேட்டான். அதுதான் மோசம். ஷ்ரூஸ்பரிக்காரன் அந்தக் கையெழுத்தைத் தானாகப் போட்டிருக்க மாட்டான், கில்பர்ட்தான் கேட்டு வாங்கியிருப்பான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"ஆதாமுக்கு அப்பா யாருன்னு தெரியணும்னா நம்ம பாதிரியாரைக் கேட்டிருக்கலாமே கில்பர்ட்" என்றார் பென்னல். "ஷ்ரூஸ்பரி வரைக்கும் எதுக்கு? வேதத்துல முதல் பக்கத்துலயே இருக்கு."

கில்பர்ட்டின் கழுத்து சிவந்தது. "என் அக்கா சத்தியம் பண்ணுவா. அப்பாகிட்ட இது இருந்ததை அவ கண்ணால பாத்திருக்கா."

கேல் பைபிளை என் பக்கம் தள்ளினார். "சொல்லுங்கம்மா. எப்பப் பாத்தீங்க?"

"போன மாசம்" என்றேன். "அடுப்புக்கு மேல தொங்க விட்ட வாசம் போறதுக்கு முன்னாடி."

பென்னல் தொடையைத் தட்டிக்கொண்டார். கில்பர்ட் என்னைப் பார்த்த பார்வையில் என் பெட்டி ஏற்கெனவே வாசலில் இருந்தது. அவன் வாய் திறப்பதற்குள் சட்டைக்கையிலிருந்து என் துண்டை எடுத்து வைத்தேன்.

கேல் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். அடியில் பாதி உடைந்த பச்சை மெழுகு முத்திரை. அதில் ஒன்றரை நாரை. யாரும் கேட்காமலே உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"தார்ன்லோவின் பிரபு சர் ஃபுல்க் ஆகிய நான், எல்லோருக்கும் தெரிவிப்பது. என் பண்ணையடிமை ஹியூவின் மகனும் என் பண்ணையடிமையுமான ஆதாமை, அவன் பெற்ற பிள்ளைகள், பெறப்போகும் பிள்ளைகள் அனைவரோடும், என்றென்றைக்கும் விடுதலை செய்கிறேன்..."

அங்கே நிறுத்தினார். மூன்று வரிதான் ஆகியிருந்தது. பென்னலின் சிரிப்பு அறையை நிறைத்தது.

"நீங்க சிரிக்காதீங்க" என்றார் கேல், தலையைத் திருப்பாமல். "உங்க கொள்ளுத்தாத்தா ஆட்டு ரோமம் வித்தவர். திங்கக்கிழமை நான்தான் எழுதினேன்." பிறகு கில்பர்ட்டிடம் பேசினார். குரலே மாறியிருந்தது. "தார்ன்லோ, இது அசல். ஹியூ, ஆதாம், நிக்கலஸ், ஜான். உங்க வரைக்கும் பதினோரு தலைமுறை, ஒரே நிலத்துல, ஒரு கண்ணி அறுபடாம. நான் நாலு மாவட்டம் சுத்தியிருக்கேன். இப்படி ஒண்ணு எனக்குக் கிடைச்சதில்ல. நாரையை எடுத்துடுங்க, அது உங்களோடது இல்ல. வேற சின்னம் கேட்டு லண்டனுக்கு எழுதுங்க. இதை வச்சு உங்களை நான் பதிவு பண்றேன். சனிக்கிழமை உங்க பேர் வராது."

நான் மூச்சை விட்டேன். பால் அறை மாடியின் ஜன்னல்கூட ஒரு கணம் அழகாகத் தெரிந்தது.

"மேல என்னன்னு எழுதுவீங்க?" என்று கேட்டான் கில்பர்ட்.

"இருக்கறதை. ஹியூ, பண்ணையடிமை."

"அந்த வார்த்தை வேண்டாம். சும்மா ஹியூன்னு போடுங்க."

"நான் ஷ்ரூஸ்பரிக்காரன் இல்ல."

கில்பர்ட் அந்தப் பெரிய புத்தகத்தைப் பார்த்தான். "சந்தையில கூவறதை அறுவடைக்குள்ள ஜனங்க மறந்துடும். இந்தப் புத்தகம் என்ன ஆகும்?"

"லண்டனுக்குப் போகும். நாம எல்லாரும் மண்ணான பிறகும் இருக்கும்."

"அப்படியா" என்றான் கில்பர்ட். கேலின் விரல்களிலிருந்து துண்டை உருவி, பென்னலின் காலைத் தாண்டி, கணப்பில் போட்டான்.

தோல் உடனே எரியவில்லை. முதலில் ஒரு கையைப் போலச் சுருண்டது. மெழுகு சீறியது. மயிர் கருகும் நாற்றம் வந்தது. நான் எழுந்தபோது பென்னலின் கால் குறுக்கே இருந்தது, அவர் மடக்கவில்லை.

கேல் பாதி எழுந்தவர் மெல்ல உட்கார்ந்தார். "நகல் இருக்காம்மா?"

"இல்ல."

"அப்ப நான் எதையும் பாக்கலை." பேனாவை மையில் தொட்டு, ஒரு தாளில் கனவான் அல்ல என்ற வாசகத்தை எழுதி நீட்டினார். கில்பர்ட் அதன் கீழே தன் பெயரைப் பெரிதாக, வால் சுழித்துப் போட்டான்.

திரும்பும் வழியெல்லாம் தூறல். ஆற்றுப் பாலத்தில்தான் கில்பர்ட் ஆரம்பித்தான்.

"அஞ்சு வருஷம்" என்றான். "என் மேசையில உக்காந்து என் ரொட்டியைத் தின்னுட்டு."

"அப்பா மேசை."

"எனக்கு முன்னாடியே காட்டியிருந்தா அன்னிக்கே எரிச்சிருப்பேன். ஊர் சிரிச்சிருக்காது."

"தெரியும். அதான் காட்டலை."

"விஷம் நீ. ஞாயித்துக்கிழமை காலையில..."

"சனிக்கிழமையே போறேன். சந்தைக்கு வர்ற லட்லோ வண்டி இருக்கு. என் வீட்டுக்காரர் கூட வேலை பார்த்தவருக்கு நகலெடுக்க ஆள் வேணுமாம்."

"பண்ணையடிமைக்குப் பொறந்தவ" என்றான்.

"நீயும்தான்டா" என்றேன்.

சனிக்கிழமை சந்தை நிறைந்திருந்தது. சிலுவையடியில் மணியடித்தார்கள். மூன்றாவதாக வந்தது எங்கள் பெயர்: தார்ன்லோவின் கில்பர்ட், தன்னைக் கனவான் என்று அழைத்துக்கொண்டவர், கனவான் அல்ல. வாத்துகள் கத்தின. கில்பர்ட் முன்னால் போய் நின்று முழுவதையும் கேட்டான். கூட்டம் கலைந்தபோது இறைச்சிக் கடைக்காரர் அவனைக் கடந்து போனார். தொப்பியைத் தொடவில்லை. மறந்துபோய் அல்ல, கை பாதி வரை எழுந்து, பிறகு இறங்கியது.

நான் லட்லோ வண்டியில் என் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கில்பர்ட் நேராக என்னிடம் வந்தான். வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டான். திட்ட வந்திருக்கிறான் என்று நானும் தயாரானேன்.

"அவர் மூணு வரிதான் படிச்சார்" என்றான். "மீதி நாலு வரியில என்ன இருந்துச்சு?"

எனக்கு அது மனப்பாடம். கொள்ளைநோய் வருடத்தின் ஆகஸ்ட் மாதம். சர் ஃபுல்க்கின் ஆட்களில் இறந்தவர்கள் போக மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். வயலில் கோதுமை நின்று உதிர்ந்துகொண்டிருந்தது. ஹியூவின் மகன் ஆதாம், முத்திரை வைத்த பத்திரம் கைக்கு வராமல் அரிவாளைத் தொட மாட்டேன் என்று வயல் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அவன் இல்லாமல் விளைச்சல் வீடு சேராது என்பதால் இதை எழுதுகிறேன் என்று பிரபுவே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பிரபுவின் தாத்தாவான சர் வால்டரைத்தான் கில்பர்ட் தன் முன்னோர் என்று இத்தனை வருடம் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்தது. சொல்லியிருந்தால் அந்த வரப்பில் உட்கார்ந்தவனை அவனுக்குப் பிடித்துக்கூடப் போயிருக்கும். அடுத்த வாரமே வேறொரு கதையாக விளக்கத் தொடங்கியிருப்பான்.

"நெருப்புல போட்டவன் நீ" என்றேன். "அதைப் போய்க் கேளு."

"அக்கா."

வண்டிக்காரரிடம் கிளம்பச் சொன்னேன். கில்பர்ட் பலகையை விடாமல் பத்துப் பதினைந்து அடி கூடவே நடந்து வந்தான். பிறகு குதிரை வேகமெடுத்தது.