செர்ரி போட்ட சீஸ்கேக்

ஷாவுவோத் திருநாளன்று பால் பண்டம் செய்யாத யூத வீடு புரூக்ளினில் எங்கள் தெருவில் ஒன்றே ஒன்றுதான். அது என் அண்ணி ப்ளூமாவின் வீடு. நான் சீஸ்கேக்கோடு படியேறிப் போனபோது, அண்ணன் செலிக் முன்னால் துணியால் பாதி மூடிய கோழித் தட்டு இருந்தது. நான் வருவது தெரிந்தே வைத்திருக்கிறாள்.

"அடடா, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா கிட்டல்? இப்பதான் கோழி சாப்பிட்டார். இறைச்சி தின்னா ஆறு மணி நேரம் வாயில பால் படக்கூடாதுன்னு நம்ம மத விதி இருக்கே."

"பண்டிகையும் அதுவுமா கோழியா அண்ணி?"

"நோயாளிக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். உன் கேக்ல என்ன இருக்கு? கொழுப்பு. சர்க்கரை. போதாததுக்கு மேல பாகுல ஊறின செர்ரி."

"அந்தக் கொழுப்புதான் அண்ணனுக்கு வேணும். எடை ஏறலைன்னா அடுத்த மருந்து ஏத்த மாட்டேன்னு டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா? இதுல ஒரு துண்டு, நீங்க வைக்கிற ஒரு சட்டி சூப்புக்குச் சமம்."

"என் சமையலைக் குத்திக்காட்டத்தான் படியேறி வந்தியா?"

அண்ணனைப் பார்த்தேன். அவர் சட்டைக்குள் இன்னொரு ஆளை நுழைக்கலாம். அதைப் பார்த்த பிறகும் இவளிடம் மரியாதையாகப் பேச என்னால் முடியவில்லை.

"பட்டினி போட்டே அண்ணனை மேல அனுப்பிடுவீங்க போல."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றார் அண்ணன். தட்டின் மேல் கிடந்த துணியை விலக்கினார். கோழித்துண்டு வைத்தபடி முழுசாக இருந்தது.

"தொடவே இல்லை ப்ளூமா. வாடையே குமட்டுது. நேத்தும் தொடலை. நீ அடுப்படிக்குப் போனதும் ஜன்னல் வழியா பூனைக்குப் போட்டுடுவேன். அது நல்லா எடை போட்டிருக்கு."

அண்ணியின் முகம் இப்படிச் சுருங்குவதைப் பார்க்கப் பல வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தபோது ஏனோ பிடிக்கவில்லை.

கோழித் தட்டை எடுத்துப் போனாள். இறைச்சி இருந்த மேசை விரிப்பை உருவிவிட்டு வேறு விரித்தாள். பால் பண்டத்துக்கென்று தனியாக வைத்திருந்த தட்டையும் கத்தியையும் கொண்டுவந்தாள். கத்தியைக் கேக்கின் மேல் வைத்துவிட்டு, பழைய வெறுப்பு குறையாமல் என்னைப் பார்த்தாள்.

"இந்த அளவு துண்டுல எவ்வளவு கலோரி?"

"நானூறு இருக்கும்."

"பத்தாது," என்று கத்தியை இன்னும் தள்ளி வைத்து அழுத்தினாள். "வேடிக்கை பார்க்காதே. செர்ரியை அள்ளிப் போடு."