விஷம் என்று கேட்டாள்

மலாக்காவிலிருந்து அதிகாரி வருவதற்கு இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். சீனக்கடை வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் சில்லறையைப் போட்டுவிட்டு, பௌசியாக்காவின் குரலுக்காக நிர்மலாதேவி காத்து நின்றாள். வெயிலில் ரிசீவர் காதைச் சுட்டது.

“புள்ள, நான் சொல்றதக் கத்தாம கேளு.”

“நான் என்னைக்கு அக்கா கத்தியிருக்கேன்?”

“அதுவும் சரிதான். நீ கத்தினா ஊர்ல மழை வரும்.” பௌசியா சிரிக்காமல் சொன்னார். “நாளைக்கு வர்ற அதிகாரி என்சிக் ரோஸ்லி நம்மளப் பாராட்ட வர்றாரு. பாராட்டிட்டு மூடிட்டுப் போகப் போறாரு.”

“எதை?”

“நம்ம ரூமைத்தான். வியாழக்கிழமைய.”

இரண்டு வருடங்களுக்கு முன்பு புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டங்களுக்கு அரசாங்கம் ஒரு ஒதுக்கீடு கொடுத்தது. மனநலத்துக்கும், சம்சு என்கிற மலிவுச் சாராயத்தை ஒழிப்பதற்கும் என்று சொன்னார்கள். பிள்ளைகள் குறைந்து பூட்டிக் கிடந்த ஆயாக்கொட்டகைக்கு அந்தப் பணத்தில் வெள்ளையடித்தார்கள். காற்றாடி மாட்டினார்கள். மனநலத் தாதியான பௌசியா வியாழக்கிழமைதோறும் மலாக்காவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க். குடித்தவன் வந்தான். குடித்தவனின் பெண்டாட்டி வந்தாள். தூக்கம் வராதவர்கள் வந்தார்கள்.

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நிர்மலாவை அங்கே உதவியாளராகப் போட்டார்கள். ஆட்களைக் கூப்பிட்டு வர வேண்டும். மேலிடத்திலிருந்து மலாயில் வருவதைத் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் வருவதை மலாயில் சொல்ல வேண்டும். ‘வாயில்லாப் பூச்சிக்குப் பேசுற வேலை கிடைச்சிருக்குடி’ என்று பக்கத்து வீட்டு இருசம்மாள் சிரித்தாள்.

“ஏன் அக்கா மூடுறாங்க?”

“போன மாசம் வீடு வீடாப் போய்க் கேட்டியே. உங்க தோட்டத்துல விஷம் குடிச்சு ஒரு சாவுகூட இல்லைன்னு வந்திருக்கு. பிரச்சினை இல்லாத இடத்துக்கு எதுக்குப் பணம்னு கேக்குறாங்க. அதைத் தூக்கி செர்காம் பக்கம் கொடுத்துடுவாங்க. ஒரே ஒரு சாவு நடந்திருந்தாலும் ஆபத்தான இடம்னு சொல்லி நம்ம பணத்தைத் தக்க வச்சுக்கலாம்.”

நிர்மலா கையில் மிச்சமிருந்த சில்லறையையும் போட்டாள்.

“ரூமுக்குள்ள என்கிட்ட ஆளுங்க சொன்னது நிறைய இருக்கு. அதை நான் வெளிய சொல்லக் கூடாது. சொன்னா அப்புறம் எவன் வந்து என் முன்னால உக்காருவான்? தோட்டத்து ஆளுங்க வாயால வரணும். நாளைக்கு அவர் முன்னால யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும் புள்ள.” நேரம் முடியப்போகும் சத்தம் கேட்டது. “திலீபன நினைச்சாத்தான் எனக்கு…”

இணைப்பு அறுந்துபோனது.

திலீபன் அவளுடைய தம்பி. இருபது வயது. போன வருடம் அப்பா இறந்த பிறகு சம்சுவிலேயே கிடந்தான். பிறகு அதையும் விட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் கிடந்தான். அது இன்னும் மோசம். ஒரு சாயங்காலம் தோட்டத்து மருந்து ஸ்டோர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தவனை இருசம்மாள்தான் கையைப் பிடித்து, ஒரு வார்த்தை கேட்காமல், வீடு வரை இழுத்து வந்தாள். அந்த வாரமே பௌசியாவின் முன்னால் போய் உட்கார்ந்தான். முதல் மாதம் முழுக்கக் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தானாம். இப்போது வியாழக்கிழமை வந்தால் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாளையும் கடக்கிறான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொல்லாமல் இருப்பது அந்த வீட்டுக்குப் பழகிப்போன விஷயம். அப்பா இருளாண்டி எப்படிச் செத்தார் என்று வெளியூர்க்காரர் யார் கேட்டாலும் ‘நெஞ்சுவலி’ என்பார்கள். அம்மா முனியாயி சொல்வாள். நிர்மலா சொல்வாள். தோட்டமே சொல்லும். ஆறு நாள் படுக்கையில் கிடத்திப் பேச வைத்து, தண்ணீர் கேட்க வைத்து, பிழைக்க வேண்டும் என்று அழ வைத்த நெஞ்சுவலி.

லயத்து வீடுகளுக்குத் திரும்பியபோது இருசம்மாள் குழாயடியில் மருந்துப் பம்பைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். செம்பனை மரங்களுக்கு அடியில் வளரும் புல்லுக்கு மருந்து அடிப்பது அவள் வேலை.

“அக்கா, போன மாசம் நான் வந்து கேட்டேனே, விஷம் குடிச்சு யாராவது செத்தாங்களான்னு. இல்லைன்னு சொன்னீங்க.”

“இல்லைதானேடி. விஷம் பாம்புகிட்ட இருக்கும். எம் மாமியா நாக்குல இருந்துச்சு. அதை எவன் ஊத்திக் குடிப்பான்?” என்று இருசம்மாள் தன் பகடிக்குத் தானே சிரித்தாள்.

எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. களைக்கு அடிப்பதைத் தோட்டத்தில் ஒருவரும் விஷம் என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் மருந்து. மருந்து கலக்குவது, மருந்து அடிப்பது, மருந்துக்காரி. மலாயில் வந்த கேள்வியில் ராச்சுன் என்று இருந்தது. அதை நிர்மலா விஷம் என்று மாற்றிக் கேட்டாள். பாடப் புத்தகத்துச் சொல். தோட்டத்தில் யாரும் குடிக்காத சொல்.

“மருந்து குடிச்சுன்னு கேட்டிருந்தா, அக்கா?”

இருசம்மாளின் கை நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

“நீ அப்படிக் கேக்கல இல்ல.” குழாயை மூடினாள். “படிச்ச புள்ள. தெரியாம மாத்திக் கேட்டியா, தெரிஞ்சே மாத்திக் கேட்டியா?”

நிர்மலா ஈரச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கேள்வியைத் தமிழாக்கிய மத்தியானம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மருந்து என்றுதான் கை முதலில் எழுதியது. அதை ஒவ்வொரு வாசலிலும் நின்று தன் வாயால் கேட்க வேண்டும். கேட்டால் அவர்கள் பதில் சொல்லமாட்டார்கள்; தன் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு விஷம் என்று எழுதினாள். எழுதியதும் மனம் லேசானது.

“நாளைக்கு நீங்க சொல்வீங்களா அக்கா?”

“நான் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணவடி. என்னைக் கேக்காத. உங்கம்மாவக் கேளு.” பம்பை முதுகில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஆயாக்கொட்டகையில் தம்புசாமி பேனர் கட்டிக்கொண்டிருந்தார். கோயில் தலைவர் அவர்தான், இந்தத் திட்டத்தின் குழுத் தலைவரும் அவர்தான். அப்பாவின் கூட்டாளி.

“வாம்மா நிர்மலா. ‘சம்சு இல்லாத தோட்டம்’னு எழுதச் சொன்னா, எழுதுனவன் ஊத்திக்கிட்டு எழுதியிருக்கான். ‘தேட்டம்’னு இருக்கு பாரு. ஒரு காலக் காணோம்.”

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கப் பாதி பேச்சை விழுங்க வேண்டியிருந்தது. தம்புசாமி கயிற்றை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

“கெட்ட பேரு எடுத்தாத்தான் காசு கொடுப்பானா? என்னா லா கவர்மெண்ட்டு இது!” சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் வந்தார். “துர்மரணம்னா பாடை கோயில் வாசல் வழியாப் போகக் கூடாது. தப்பு அடிக்கக் கூடாது. பால்மரக் காட்டுப் பக்கமாத்தான் தூக்கிட்டுப் போகணும். உங்கப்பாவுக்கு எல்லாம் முறைப்படி நடந்துச்சா இல்லையா?”

“நடந்துச்சு மாமா.”

“நெஞ்சுவலின்னு கோயில் வாசல்ல முதல்ல சூடம் அணைச்சவன் யாரு? நான். எனக்குப் பின்னால ஊரே அணைச்சுச்சு. எதுக்கு? உங்கம்மா மண்ணுல விழுந்து கெடந்தாளே, அதைப் பாக்க முடியாம. நாளைக்கு மாரியாத்தா முன்னால என்னைப் பொய்யனா நிக்க வைப்பியாம்மா?”

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் கண் கலங்கியிருந்தது. நிர்மலா பேனரின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

திலீபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, அறையை மூடப்போவதைச் சொல்லிவிட்டாள்.

“அப்ப அடுத்த வியாழக்கிழமை?”

“அது இருக்கு. அதுக்கப்புறம்தான் இல்ல.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “பரவால்லக்கா,” என்றான். கொஞ்சம் சிரிக்கவும் செய்தான். “பரவால்ல.”

அடுப்படியில் அம்மாவின் கரண்டி நின்றது. கடைசி மாதத்தில் அப்பாவும் எதற்கெடுத்தாலும் இப்படித்தான் சொன்னார். சம்பளம் பிடித்தார்கள், பரவால்ல. மழை, வேலை இல்லை, பரவால்ல. அவ்வளவு நல்ல மனுசனாகிவிட்டாரே என்று அம்மா அப்போது சந்தோஷப்பட்டாள்.

அவன் கை கழுவிவிட்டு வெளியே போனதும் நிர்மலா அடுப்படிக்குப் போனாள்.

“கேக்காத,” என்றாள் முனியாயி, திரும்பாமலேயே. “நீ என்ன கேக்கப் போறேன்னு தெரியும்.”

“அம்மா, தம்பி…”

“எனக்குக் காது இருக்குடி. நானும் கேட்டேன்.” அடுப்பை அணைத்தாள். “அந்த மனுசன் பாடை கோயில் வாசல்ல நின்னு, தேங்கா உடைச்சு, தப்பு அடிச்சுப் போச்சு. நீ வாயத் திறந்தா அது திரும்பி வரும். வந்து எம் வாசல்ல நிக்கும். நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?”

“அப்ப தம்பிய?”

முனியாயி முந்தானையால் கண்ணைத் துடைக்காமல், ஏற்கனவே துடைத்திருந்த அடுப்பை மறுபடி துடைத்தாள். “எம் புருசன் மானமும் வேணும், எம் புள்ளையும் வேணும்,” என்றாள் கடைசியில். “எதை விடுறதுன்னு என்னைக் கேக்காத.”

சனிக்கிழமை பத்து மணிக்கு என்சிக் ரோஸ்லி வந்தார். நல்ல மனிதர். தம்புசாமி போட்ட மாலையைக் கழற்றாமலே பேசினார். மீஹூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்தத் தோட்டம் மற்ற தோட்டங்களுக்கு ஒரு முன்மாதிரி என்றார். நிர்மலா தமிழில் சொன்னாள். கை தட்டினார்கள். இங்கே வேலை நல்லபடி முடிந்ததால் உதவி இனி தேவைப்படுகிற இடத்துக்குப் போகும் என்றார். அதையும் சொன்னாள். கை தட்டலாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள்.

கொட்டகை நிறைந்திருந்தது. பௌசியா மூலையில் உட்கார்ந்து மடியில் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டாம் வரிசையில், இருசம்மாளுக்குப் பக்கத்தில். திலீபன் பின்னால் கதவோரமாக நின்றான். நிர்மலா அவன் சட்டையைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை. சனிக்கிழமையில்.

அதிகாரி பேனாவை எடுத்தார். கடைசியாக ஒரு சம்பிரதாயம் என்பதுபோல நிர்மலாவிடம் மலாயில் கேட்டார். இந்தத் தோட்டத்தில் ராச்சுன் குடித்து யாரும் இறந்ததில்லை, அப்படித்தானே? எல்லாரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம தோட்டத்துல,” என்று ஆரம்பித்தாள், “மருந்து குடிச்சு யாராவது செத்திருக்காங்களான்னு கேக்குறாரு.”

கொட்டகை அசையவில்லை. காற்றாடி மட்டும் கடகடத்தது. போன மாதம் சிரித்துக்கொண்டே இல்லை என்ற முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்தன. இருசம்மாள் தன் கை விரல்களைப் பார்த்தாள். அம்மா முந்தானை நுனியைப் பல்லில் கடித்திருந்தாள்.

“இல்லைன்னு சொல்லும்மா,” என்றார் தம்புசாமி மெல்ல.

“எல்லார்கிட்டயும் கேக்குறேன் மாமா.”

“எல்லாரும் சும்மாதானே இருக்காங்க. இல்லைன்னுதான் அர்த்தம். சொல்லு.”

அவள் காத்திருந்தாள். யாராவது ஒருவர். ஒருவர் போதும். யாரும் வாயைத் திறக்கவில்லை. தனக்குத் தெரிந்த பதிலை ஊரிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இல்லைதானே என்று சிரித்தபடி பேனாவைத் தாளில் வைத்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். மலாய் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிடுவது சுலபம். என் தகப்பனார், ராச்சுன், போன வருடம். எல்லாருக்கும் அரைகுறையாகப் புரியும், யார் மேலும் படாது. விஷம் மாதிரியே அதுவும் ஒரு சொல். அவர் எழுதிக்கொள்வார். பணம் நிற்கும். வீட்டில் நெஞ்சுவலி அப்படியே இருக்கும். திலீபன் அதற்குள்ளேயே, தனியாக, இருப்பான்.

வாயை மூடிக்கொண்டாள். அதிகாரிக்கு முதுகைக் காட்டி, நாற்காலிகளின் பக்கம் திரும்பினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற தம்பியை மட்டும் பார்த்தாள்.

“எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி இல்ல,” என்றாள். குரல் பாதி தூரம்கூடப் போகவில்லை. திலீபன் தலையை நிமிர்த்தி, என்ன என்பதுபோலப் பார்த்தான். அவள் நாற்காலியை விட்டுக் கையை எடுத்தாள். இந்த முறை கடைசி வரிசை வரை கேட்டது.

“எங்கப்பா மருந்து குடிச்சுத்தான் செத்தாரு.”