மடி கொடுக்க ஒரு மாமன்

அம்சவல்லியின் மகன் கொளஞ்சிக்கு ஆவணி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மொட்டை போட்டுக் காது குத்துவதென்று முடிவானது. நாள் குறித்தவள் அவள் மாமியார் செல்வநாயகி. அவள் வாயிலிருந்து ஒரு தேதி வந்துவிட்டால் மழை, வெள்ளம், பஸ் ஸ்டிரைக் எதற்கும் அது நகராது. கொளஞ்சியப்பர் கோயிலருகே மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, பிள்ளைக்குக் கடுகளவில் ஒரு ஜோடித் தோடும் எடுத்தாயிற்று. அம்சவல்லி பங்குக்கு ஒரே ஒரு வேலைதான்: மடி கொடுக்கத் தம்பி நந்தகுமாரைக் கூட்டிவர வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காராமல் அந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளையின் காதிலும் ஊசி ஏறாது.

நல்லூரில் அவள் பிறந்த வீட்டுக்கு ‘மாமன் தங்காத வூடு’ என்று பேர். அம்மாவின் தாய்மாமன் ஒன்பது வயதில் புளியமரத்திலிருந்து விழுந்தான். வெளியே ஒரு காயம் இல்லை, வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தான். அம்மாவின் தம்பிகளில் ஒருவன் பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் ஆறு வயதில் போனான். இன்னொருவன் பன்னிரண்டு வயதில் கபடி ஆடிவிட்டு வந்து படுத்தவன், எழுந்திருக்கவில்லை. அதனால் அம்மாவுக்கும் சரி, அம்சவல்லிக்கும் சரி, யார் யாருடைய இரவல் மடியிலோதான் காது குத்தினார்கள். நந்தகுமார் மட்டும் தப்பினான். அவனுக்குக் காது குத்திய அன்று ஆரம்பித்த ரத்தம் மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில்தான் நின்றது. ரத்தத்தை உறைய வைக்கும் சத்து அவன் உடம்பில் ஊறவில்லை, அதை ஊசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஜில்லா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். இப்போது இருபத்தாறு வயது. மூட்டுக்குள்ளேயே கசிந்து கசிந்து இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. நல்லூர் பஸ் நிறுத்தத்தில் செல்போன் பழுதுபார்க்கிறான்.

இவ்வளவு பார்த்த குடும்பத்துக்குப் புத்தி வர வேண்டாமா? வந்தது, ஆனால் தலைகீழாக வந்தது. செத்ததெல்லாம் ஆண்கள், ஆகவே இது ஆண்களின் வியாதி, ஆண் வாரிசோடுதான் போகும் என்று முடிவு கட்டினார்கள். நந்தகுமாருக்குக் கல்யாணமே வேண்டாம், அவனோடு இது ஒழியட்டும் என்று அம்மா சாகும்போது அவன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். பெண்ணாடத்தில் பூர்ணிமா என்று ஒரு பெண் அவனுக்காக இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்துவிட்டு, கடைசியில் வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டினாள். அம்சவல்லியைக் குருமூர்த்திக்குக் கொடுத்தபோதோ யாருக்கும் துளி சந்தேகம் இல்லை. பெண் வேறு வீட்டுக்குப் போகிறவள், அவள் பெறும் பிள்ளை அவன் வீட்டுப் பிள்ளை. தம்பியின் காலைப் பற்றிக் கேட்டவர்களிடம் சைக்கிளில் விழுந்தான் என்று சொல்லி முடித்தார்கள். அம்சவல்லியும் அப்படித்தான் நம்பினாள், சைக்கிளைத் தவிர.

அவளுக்கு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. கூழாகக் கரைத்த வெள்ளை மண்ணைப் பொம்மை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் மிச்சமிருப்பதைக் கவிழ்த்துவிட்டு, அச்சைத் திறக்க வேண்டும். உள்ளே ஈரத்தோடு ஒரு பிள்ளை பொம்மை படுத்திருக்கும். அந்தக் கொட்டகையில் எல்லாமே வெள்ளை: தரை, பலகை, மின்விசிறி, பெண்களின் புருவம். மத்தியான வெயில் தகரக் கூரையில் இறங்கும்போது நனவு எது கனவு எது என்று அவளுக்கே பிடிபடாது. கை தன்பாட்டுக்கு ஊற்றும், மனசு தன்பாட்டுக்கு எங்கேயாவது போய்விட்டு வரும். மேஸ்திரி ராஜாங்கம் அவளுக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்று பேர் வைத்திருந்தார். தூக்கத்திலும் அவள் ஒரு பொம்மையைக்கூட உடைத்ததில்லை என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார்.

ஆடி பிறந்ததும் கொளஞ்சி தவழ ஆரம்பித்தான். ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால் இரண்டு முட்டியிலும் நீலம் பாரித்துக் கன்றியிருந்தது. முழங்கையில் ஒன்று. தூக்கியபோது அவள் விரல்கள் அழுந்திய விலா ஓரத்திலும் வரிசையாக நாலு. தவழ்கிற பிள்ளைக்கு முட்டி கன்றாமல் பின்னே முதுகா கன்றும் என்றாள் செல்வநாயகி. அம்சவல்லி தலையை ஆட்டினாள். ஆனால் அந்த நீலம் அவளுக்குப் பழக்கம். தம்பியின் உடம்பில் அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

மறுநாள் மத்தியானம், காயவைக்கும் பலகையில் பொம்மைகள் இல்லை, பையன்கள் இருந்தார்கள். வரிசையாகச் சம்மணம் போட்டு, உடம்பெல்லாம் வெள்ளை மண்ணோடு. ஒருவன் தலையில் புளியம்பூ உதிர்ந்து கிடந்தது. ஒருவனுக்கு முன்பல் இல்லை. பெரியவன் தன் தொடையைத் தட்டிக் காட்டி, “புள்ளைய இங்க குடு, நாந்தான் மாமன்” என்றான். பல் இல்லாதவன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தன் மடியும் மடிதான் என்று சண்டைக்கு வந்தான். அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்தது. தன் பாதி வயதுகூட ஆகாத மாமன்கள். பிறகு மூவரும் ஒரே சமயத்தில் அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினாள். அம்மா நின்றிருந்தாள். அம்மாவுக்குப் பின்னால் அம்மாவின் அம்மா, அதற்குப் பின்னால் முகம் தெரியாத பெண்கள், கொட்டகை வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போகிற வரிசை. ஒருத்தி தோளில் ஒருத்தி கை வைத்திருந்தாள். அம்மாவின் கை அம்சவல்லியின் தோளில் இருந்தது. அது கனக்கவே இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அச்சு நிறைந்து கூழ் காலில் வழிந்தபோது விழித்துக்கொண்டாள்.

தம்பியை முறையாக அழைத்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சண்முகப்ரியா நந்தகுமாரின் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். கூடப் பிறந்த பெண்கள் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. சீட்டு போட்ட அன்று அம்மா சொன்னது. பெண்ணின் பேர் இந்த மாதிரிச் சீட்டில் ஏறினால் நாளைக்கு யார் கட்டிக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருப்பாள். மகளை ஒளித்துக் காப்பாற்றியதாக நினைத்தே செத்தாள், பாவம்.

“இது அம்மா வழியாத்தாங்க வருது” என்றார் டாக்டர். “பொண்ணுங்க கிட்ட அந்த மரபணு ரெண்டு இருக்கும். ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு பாத்துக்கும், அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆம்பளப் புள்ளைக்கு ஒண்ணே ஒண்ணுதான். அது அம்மா குடுக்கறது.”

அம்சவல்லிக்கு உடனே புரிந்தது. தனக்குள் இரண்டு அச்சு, ஒன்றில் கீறல். கீறல் உள்ளதில் ஊற்றியதா, இல்லாததில் ஊற்றியதா என்பது திறந்தால்தான் தெரியும். யாரும் பார்த்து ஊற்றுவதில்லை. எந்தப் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதிதான் என்றார் டாக்டர். கொளஞ்சியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

வாசல் பக்கம் நின்றிருந்த நந்தகுமார் அப்போதுதான் வாயைத் திறந்தான். “அப்ப எனக்குப் பையன் பொறந்தா?”

பையனுக்கு வராது, அப்பாவால் மகனுக்கு இதைக் கொடுக்கவே முடியாது என்றார் டாக்டர். பெண் பிறந்தால் அவள் உங்கள் அக்காவைப் போலச் சுமப்பாள், முன்கூட்டியே தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நந்தகுமார் தலையாட்டினான். திரும்பும் பஸ்ஸில் காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், வெளியே கரும்பு வயல்களைப் பார்த்தபடி, பூர்ணிமாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் என்று மட்டும் சொன்னான். அம்சவல்லியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாலு நாள் கழித்து முடிவு வந்தது. கொளஞ்சிக்கு இருக்கிறது. காது குத்தவே கூடாது, மொட்டைக்கும் கத்தி படக் கூடாது, இயந்திரத்தால் மேலாக எடுத்துக்கொள்ளலாம், ஊசி மருந்தை எப்போது போடுவதென்று பார்ப்போம் என்று சொன்னார்கள். சடங்குக்கு ஒன்பது நாள் இருந்தது. புருஷனிடம் எப்படிச் சொல்வது? பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள் என்பான். சொல்லாமல் விட்டால் ஊசி பிள்ளையின் காதில் ஏறும்.

அந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததைக் கொளஞ்சியப்பரிடம் எழுதிக் கொடுப்பார்கள். போலீஸில் புகார் எழுதுவது போலவே பேர், ஊர், என்ன நடந்தது, யார் செய்தது என்று எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்குப் பிராது என்று பேர். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை மூலையில் உட்கார்ந்து அம்சவல்லி பிராது எழுதினாள். என்ன நடந்தது என்பதுவரை பேனா ஓடியது. யார் மேல் என்ற இடத்தில் நின்றுவிட்டது. முதலில் அம்மா பேரை எழுதினாள், அடித்தாள். அம்மாவுக்கு யார் கொடுத்தது? அவளுக்கு யார்? வெயிலுக்குள் போகிற அந்த வரிசையில் எந்தத் தோளைப் பிடித்து நிறுத்துவது? கடைசியில் தன் பேரையே எழுதினாள். எழுதியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது; குற்றம் செய்யாமலே குற்றவாளியானது போல் இருந்தது.

சாமி தொண்ணூறு நாளைக்குள் தீர்ப்புச் சொல்வார் என்பது சனங்களின் நம்பிக்கை. செல்வநாயகி கொடுத்திருப்பதோ ஒன்பது நாள். அம்சவல்லி கோயிலுக்குப் போகவில்லை. சாயங்காலம், வேப்பூர் கூட்டுரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு வந்த குருமூர்த்தியின் கையில் காகிதத்தைக் கொடுத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தான்.

“புள்ளைக்கு வலிக்குமா?” என்று கேட்டான்.

“ரத்தம் உள்ள கட்டினா வலிக்கும். ஊசி போட்டா அடங்கிடும்.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் அம்மாவிடம் போய், டாக்டர் இப்போதைக்குக் காது குத்த வேண்டாம் என்கிறார் என்று மட்டும் சொன்னான். காரணம் இல்லாத பேச்சைச் செல்வநாயகி எந்தக் காலத்தில் கேட்டாள்? ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆசாரி கோவிந்தசாமி ஊசியும் தங்கக் கம்பியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமன் தரையில் உட்கார முடியாததால் நாற்காலி போட்டிருந்தார்கள். புது வேட்டியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நந்தகுமாரின் மடியில், இயந்திரத்தால் எடுத்த மொட்டையும் சந்தனமுமாகக் கொளஞ்சி. ஒரு சொட்டு ரத்தத்தில் குடி முழுகிவிடாது என்று செல்வநாயகி கண்ணைக் காட்ட, ஆசாரி குழந்தையின் காதைப் பிடித்தார். நந்தகுமார் சட்டென்று தன் உள்ளங்கையால் அந்தக் காதைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

“குத்தாதீங்க” என்றாள் அம்சவல்லி. மண்டபமே திரும்பியது. “இவனுக்கு ரத்தம் நிக்காது. என் தம்பிக்கும் அதேதான், அவன் சைக்கிள்ல வுழல. எங்க அம்மா எனக்குக் குடுத்தாங்க, நான் இவனுக்குக் குடுத்துட்டேன்.”

இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்று செல்வநாயகி ஆரம்பித்தாள். குருமூர்த்தி முன்னால் வந்து, ஊசியை உள்ளே வைக்கச் சொன்னான். பிறகு மனைவியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஆசாரி இரண்டு காது மடலிலும் சந்தனத்தைத் தொட்டு வைத்துவிட்டு எழுந்தார்.

ஊசி ஏறியதும் பிள்ளை வீறிடும், மாமன் தூக்கித் தாயிடம் கொடுப்பான், அதோடு சடங்கு முடியும். இங்கே ஊசியும் இல்லை, அழுகையும் இல்லை. முடிந்ததா இல்லையா என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. சனங்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராகப் பந்திக்குப் போனார்கள். நந்தகுமார் அப்படியே உட்கார்ந்திருந்தான். கொளஞ்சி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான்.

அம்சவல்லி கிட்டே போய், கால் வலிக்குமே, பிள்ளையைக் கொடு என்று கை நீட்டினாள்.

“வலிக்குது” என்றான் நந்தகுமார். “கொஞ்சம் இருக்கட்டும்க்கா. மடி குடுக்காமயே போன மூணு மாமனுக்கும் சேத்து இல்ல உக்காந்திருக்கேன்.”

அவள் நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து, மண்டபத்தில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.