கள்ளு விடாத அப்பம்

யூடியூபில் நாலு வீடியோ பார்த்த கையோடு என் மனுசன் கஜீவன் பியர் விஞ்ஞானி ஆகிவிட்டார். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு இருப்பது ஒரேயொரு பல்கனி. அதில் என் உடுப்புக் கொடியை அவிழ்த்தெறிந்துவிட்டு மூன்று வாளி வைத்தார். ஒன்றில் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர், ஒன்றில் கோதுமை பியர், மற்றதில் பெல்ஜியம்காரர் குடிப்பதாம். மூன்று வாரத்துக்குப் பிறகு ருசி பார்த்தால், மூன்றும் ஊறிப்போன சாக்கு மாதிரியே இருந்தது.

"இதுக்கு நாக்குப் பழக வேணும்" என்றார் விஞ்ஞானி. அவருடைய நாக்கே இரண்டாம் மிடறுக்குச் சம்மதிக்கவில்லை.

வாளிகளின் அடியில் பியரைப் புளிக்க வைத்த ஈஸ்ட் தடிப்பாகக் கிடந்தது. எறிய மனமில்லாமல் ஒரு கரண்டி அள்ளி அப்பமாவில் கலந்தேன்.

அடுத்தநாள் காலை பார்த்து என் பெரியப்பா யோகநாதன் வந்தார். கோயில் சபைத் தலைவர். கள்ளு விட்டுப் புளிக்க வைப்பார்கள் என்று கடை அப்பத்தைத் தொடவே மாட்டார். வாளிகளைக் கண்டதும் குடியின் கேடுகளைப் பற்றி அரைமணி நேரம் கஜீவனுக்குப் பிரசங்கம் வைத்தார். அந்தக் களைப்பில் ஏழு அப்பம் சாப்பிட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்குப் பிள்ளை. கள்ளு கிள்ளு விடேல்லைத்தானே?"

"சத்தியமாய் ஒரு சொட்டும் விடேல்லை, பெரியப்பா."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்துக்கு ஐம்பது சுட்டுத் தா."

கஜீவன் என் பின்னாலேயே குசினிக்குள் வந்து, முகமெல்லாம் பல்லாக, காதுக்குள் கேட்டார்:

"சபைக்கு ஸ்டவுட்டோ, பெல்ஜியமோ?"