அரசாங்கத்தின் இலை

பனி விலகாத மண்ணில் வெறுங்காலோடு இறங்கினால் முதலில் குதிகால் மரத்துப் போகும், பிறகு முழங்கால். அதற்குப் பிறகு வலி தெரியாது. தாவிலோ சிறையின் பெண்கள் பகுதியில் எங்கள் நாள் இப்படித்தான் தொடங்கும். மணி அடிக்கும், கதவு திறக்கும், சுவரோரம் சாத்திய மண்வெட்டியை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறுவோம். ஈர மண்ணைக் கொத்தி, இடுப்புயரக் குவியலாகக் குவித்து, உச்சியில் சர்க்கரைவள்ளிக் கொடியை மடித்துச் செருக வேண்டும். சூரியன் மலைக்கு மேலே வருவதற்குள் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்திருக்கும்.

அது தண்டனை வேலை அல்ல. சோற்றுக்கான வேலை. தலைநகரிலிருந்து சிறைக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. பணம் வராததால் கடைக்காரன் அரிசியையும் டின் மீனையும் நிறுத்திவிட்டான். நாங்கள் நட்டால் கிழங்கு உண்டு, நடாவிட்டால் பட்டினி. வார்டர்கள்கூட எங்கள் கிழங்கைத்தான் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்று எனக்கே சில நாள் குழப்பமாக இருக்கும்.

நாங்கள் எல்லாரும் நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் ஒரே சோதனையில் பிடிபட்டவர்கள். உடம்பை விற்றுப் பிழைத்தோம் என்று வழக்கு. எங்களோடு இருந்த ஆண்களைப் போலீஸ்காரர்களே பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தார்கள். வாங்கியவனுக்குச் சட்டமில்லை போலும். எங்கள் பைகளிலிருந்த ஆணுறைப் பாக்கெட்டுகள்தான் சாட்சி. அவற்றை எங்களுக்குக் கொடுத்தது அரசாங்க ஆஸ்பத்திரி.

"நர்சம்மா கையில குடுத்தாங்க, போலீசு கையிலருந்து புடுங்குச்சு" என்பாள் கெரெங்கா. எங்களில் மூத்தவள், சிம்பு மலைக்காரி. "ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுக்கறது ஒரே கவர்மெண்டு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பேச்சுவார்த்தை இல்ல போல."

சிரிப்போம். சிரித்து முடித்ததும் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இலவச வக்கீல் சொல்லியிருந்தார்: கோர்ட்டுக்கு வந்துவிட்டால் போதும், அபராதமோ விடுதலையோ, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் வாய்தா நாள் வரும்போதெல்லாம் சிறை வண்டிக்கு டீசல் இருக்காது. ஆள் வராத வழக்கை நீதிபதி தள்ளிப் போடுவார். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையையே விசாரணைக் கைதிகளாக நாங்கள் அனுபவித்து முடித்துவிட்டோம்.

என் பயம் எனக்காக மட்டுமல்ல. என் தங்கை ஜெசிந்தாவும் என்னோடுதான் பிடிபட்டாள். பிடிபட்டபோதே அவள் வயிற்றில் பிள்ளை; இப்போது நிறைமாதம். போன மழைக்காலத்தில் பக்கத்து அறையில் ஒருத்திக்கு வலி எடுத்தபோதும் வண்டிக்கு டீசல் இல்லை. விடிவதற்குள் குழந்தையும் போனது, அவளும் போனாள். அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஜெசிந்தா கூடையைத் தூக்கக் குனியும்போதெல்லாம் நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன்.

அன்று காலை கமாண்டர் வாலாரி தோட்டத்துக்கே வந்துவிட்டார். தீவுக்காரர். எங்கள் மலைச் சேறு அவர் பூட்சுக்கு ஒத்துக்கொள்ளாது.

"நாளைக்கு பார்லிமெண்டுலருந்து கமிட்டி வருது. சிறைப் பணம் என்ன ஆச்சுன்னு பாக்க வர்றாங்க" என்றார். "உங்க ஊரு வழக்கப்படி பெரிய மூமு விருந்து போடுங்க. குழி வெட்டி, கல்லு சுட்டு, எல்லாம். தோட்டத்துல இருக்கறது மொத்தத்தையும் தோண்டுங்க."

"மொத்தத்தையுமா?" என்றாள் கெரெங்கா. "பாதிக் கிழங்கு இன்னும் விரல் கனந்தான் இருக்கு, சார். அதையும் புடுங்கிட்டா அப்புறம் நாங்க எதைத் திங்கறது?"

"அப்புறத்தை அப்புறம் பாக்கலாம்."

"பசி அப்புறம் வராது சார். மறுநாளே வந்துரும்."

கமாண்டர் தோட்டத்தின் மூலையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒற்றை ஆள் நிற்கும் அளவில் ஒரு தகர அறை. ஒருமுறை எதிர்த்துப் பேசியதற்காகக் கெரெங்காவை அதில் ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்தார்கள். வெளியே வந்தபோது அவள் உதடு பிளந்திருந்தது. கெரெங்கா குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

பிறகு கமாண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேவிஸ், நீ நல்லா பேசுவ. நாளைக்குப் பந்தியில பேசப் போறது நீதான். கவர்மெண்டு எங்களை நல்லா வச்சிருக்கு, இந்தச் சாப்பாடெல்லாம் கவர்மெண்டு போட்டதுன்னு சொல்லு. அதுக்கு அடுத்த நாள் உங்க வாய்தா. வண்டி வரும். உனக்கும் உன் தங்கச்சிக்கும் இடம் இருக்கு."

"மத்தவங்களுக்கு, சார்?"

"டீசல் ரெண்டு பேருக்குத்தான் இருக்கு."

வண்டியில் ஆள் ஏறினால் டீசல் அதிகம் குடிக்குமா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பயந்தவளுக்குக் கணக்கு வராது. "சரிங்க சார்" என்றேன்.

சாயங்காலம் கிழங்கு தோண்டும்போது கெரெங்காவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுத்த கொடிகளின் நுனிகளை, மறுபடி நடுவதற்காக, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போடி. தங்கச்சியைக் காப்பாத்து. ஒன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விடியலிலேயே குழி வெட்டினோம். நெருப்பில் கல் செங்கல் நிறத்துக்கு வந்ததும் மூங்கில் இடுக்கியால் எடுத்துக் குழியில் அடுக்கி, வாழையிலை பரப்பி, கிழங்கும் கீரையும் கொட்டி, மேலே மறுபடி இலை, மறுபடி கல், கடைசியில் மண். ஓரத்தில் தண்ணீர் ஊற்றியதும் ஆவி சீறியது. வார்டர் ரோண்டா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளும் எங்கள் மலைக்காரி.

"பந்தியில பேசப் போறது நீயா?" என்றாள் என்னிடம்.

"ஆமா."

"வழக்கம் என்னன்னு கமாண்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ரோண்டா பாக்குச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

எங்கள் பக்கம் மூமுவைத் திறந்ததும் யாரும் கைவைக்க மாட்டார்கள். கொடுத்தவருக்கு ஒன்று வீதம் இலைகளை வரிசையாக விரித்து, அவரவர் கொண்டுவந்ததை அவரவர் இலையில் குவிப்போம். பேசுகிறவள் குவியல் குவியலாக நடந்து, இது இன்னார் கொடுத்தது என்று உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் கூப்பிட்டதும் அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். பொய்ப் பெயர் சொன்ன கிழங்கைப் பிள்ளைத்தாச்சி தின்றால் வயிற்றில் தங்காது என்று எங்கள் அம்மா சொல்வாள். அதை மட்டும் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்தே முயன்றுகொண்டிருந்தேன்.

வரிசையின் தலைமாட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய இலை ஒன்றை விரிக்கச் சொல்லியிருந்தார் கமாண்டர். அது கவர்மெண்டின் இலை. அவர் கொண்டுவரும் அரிசி மூட்டை அதில் வரும். ஆனால் காலையில் கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். பழைய பாக்கி தீராமல் ஒரு மணி அரிசி தரமாட்டேன் என்று கடைக்காரன் கதவைச் சாத்திவிட்டானாம். இலையை எடுத்துவிட அவருக்கு நினைவில்லை. அதற்குள் சிறை வண்டி விருந்தாளிகளோடு கேட்டுக்குள் வந்துவிட்டது.

கமிட்டியின் தலைவி வெள்ளை முடியுள்ள ஒரு பெண்மணி. எல்லாரும் மேடம் என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கமாண்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்தேன். ஜெசிந்தா வயிற்றில் கைவைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சாப்பாடெல்லாம் கவர்மெண்டு போட்டது. அவ்வளவுதான், ஒரே வாக்கியம். இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் குவியலுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன்.

"இந்தக் கிழங்கு, கெரெங்கா குடுத்தது."

சத்தியமாக நான் திட்டமிடவில்லை. குவியலுக்கு முன்னால் நின்றதும், சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு தானாக வந்துவிட்டது. பெயர் கேட்டதும் கெரெங்காவும் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் அவளும் பயந்தாள். ஆனால் பெயர் கேட்டு எழுந்தவள் மறுபடி உட்காருவது எங்கள் பக்கம் பெரிய அவமானம். அவள் நின்றாள்.

இனி நிறுத்த வழியில்லை. அடுத்த குவியலுக்குப் போனேன். "இந்தக் கீரை, ஜெசிந்தா குடுத்தது." தங்கை தரையில் கையூன்றி மெல்ல எழுந்தாள். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள், சேற்றுக் கையும் உடைந்த கொப்புளமுமாக. வரிசை முடிந்தபோது எங்களில் உட்கார்ந்திருந்தவள் ஒருத்தியும் இல்லை. கமாண்டரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விழுந்திருப்பேன்.

மேடம் கையை நீட்டினார். "அந்தப் பெரிய இலை யாருது? காலியா இருக்கே?"

"அது கவர்மெண்டோட இலைங்க, மேடம்."

மேடம் இலையைக் குனிந்து பார்த்தார். குழியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"கோர்ட்டுக்கு எப்ப கடைசியாப் போனீங்க?" என்றார் மேடம்.

"போனதே இல்லைங்க. வண்டிக்கு டீசல் இல்லைன்னுட்டாங்க."

"எந்த வண்டி?"

"உங்களை ஏர்போர்ட்டுலருந்து கூட்டிட்டு வந்துச்சே, அந்த வண்டிதாங்க."

மேடத்துக்கு முகம் சிவந்தது. கமாண்டர் பக்கம் திரும்பினார். "போன வருசம் இந்தச் சிறைக்குன்னு ஒதுக்கின பணம் எங்க, கமாண்டர்?"

"எனக்கு வந்து சேரலை, மேடம்."

"நாங்க அனுப்பினதா கணக்கு இருக்கு."

"அனுப்பினவங்களைத்தான் கேக்கணும், மேடம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் காலி இலை கிடந்தது. "விசாரிக்கிறேன்" என்றார் மேடம். நல்ல மனுஷிதான். ஆனால் விசாரிப்பவர்களை நாங்கள் முன்பும் பார்த்திருக்கிறோம். அவரையும் அதே வண்டிதான் திரும்ப ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனது, அதே டீசலில்.

வண்டி மறைந்ததும் கமாண்டர் என் முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு ஒனக்கு வண்டி கிடையாது. ஒன் தங்கச்சிக்கும் கிடையாது. விடிஞ்சதும் நீ தகர அறைக்குப் போற. அவளுக்கு எப்ப வலி வருதுன்னு உள்ளேருந்தே கேட்டுக்க."

அந்த இரவு நான் தூங்கவில்லை. ஜெசிந்தாவின் வயிற்றில் கைவைத்தபடியே கிடந்தேன். "என்னைத் திட்டுடி" என்றேன். "பேசாம படுக்கா. பிள்ளை உதைக்குது பாரு" என்றாள்.

விடியலில் மணி அடித்தது. கதவு திறந்தது. மண்வெட்டிகள் சுவரோரம் சாத்தியபடியே இருந்தன. ஒருத்தியும் எடுக்கவில்லை. கெரெங்கா முதலில் வெளியே வந்தாள், தோளில் நூலில் பின்னிய பிலும் பை, கையில் ஈரச் சாக்கு. அவள் சரிவில் ஏறவில்லை. நேராக வெளிக் கேட்டுக்குப் போய், பனியில் நனைந்த தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தோம்; நானும் ஜெசிந்தாவும் அவளுக்கு இரு பக்கமும். என்னைத் தகர அறைக்குக் கொண்டுபோக வந்த ரோண்டா, சாவியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கமாண்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். "எந்திரிங்க! தோட்டத்துக்குப் போங்க!"

"தோட்டத்துல ஒண்ணுமில்லை சார். நேத்தே விருந்து வச்சாச்சு" என்றாள் கெரெங்கா. "இன்னைக்கு வாய்தா. கோர்ட்டுக்குப் போறோம், எல்லாரும்."

"வண்டி இல்ல!"

"நடக்கறோம். கேட்டைத் தொறங்க."

"பிள்ளைத்தாச்சியும் நடப்பாளா?"

"நடப்பேன் சார்" என்றாள் ஜெசிந்தா. "வழியில வலி வந்தா ரோட்டுல நாலு பேரு பாப்பாங்க. உள்ள வந்தா யாரு பாப்பா?"

கமாண்டர் ரோண்டாவைப் பார்த்தார். "மேவிஸைக் கொண்டுபோய் அடை!" ரோண்டா சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கேட்டையும் திறக்கவில்லை, என் பக்கமும் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

வெளியே நெடுஞ்சாலையில் முதல் லாரி போகும் சத்தம் கேட்டது. கமாண்டரும் ரோண்டாவும் அடுத்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் ஒரு கிழங்கு இல்லை. நட்டால் விளைய மாதக்கணக்காகும். சாக்கினுள் கொடி நுனிகள் மட்டும் வாடாமல் இருந்தன. அவற்றை எங்கே நடப்போகிறோம், உள்ளேயா வெளியேயா, யாருக்கும் தெரியாது.

என் கால் நடுங்கியது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெட்கத்தோடு கெரெங்காவைப் பார்த்தேன். என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த அவள் காலும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் காலும்தான். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.