இருபத்திரண்டாவது கோபுரம்

அந்தச் சேனலைப் பொறுத்தவரை சாமிகள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். வெளியூர் என்றால் சமயபுரமோ வையம்பட்டியோ இல்லை, நட்சத்திரங்களுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து கலம் ஏறி வந்தார்கள், நம்மோடு கொஞ்ச காலம் இருந்தார்கள், விதைக்கவும் கட்டவும் கற்றுக்கொடுத்தார்கள், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார்கள். நாம்தான் விஷயம் புரியாமல் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இப்படி, முகத்தைக் காட்டாத ஒருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஐந்து மணிக்குப் பேசுவார். சேனலுக்கு 'வானத்து விருந்தாளிகள்' என்று பெயர். பார்ப்பவர்கள் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் திட்டுவதற்கென்றே வருகிறவர்கள்.

பெலிண்டா அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. மன்னார்புரத்தில் வீடு, பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஞாயிறு பூசைக்கு முதல் வரிசை. நாற்பத்தாறு வயதில் புதிதாகச் சாமி தேடுகிற ஆள் இல்லை அவள். ஆனாலும் ஒரு வருடமாக ஒரு வாரத்தைக்கூட அவள் விட்டதில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தாலும் இரவில் போட்டுப் பார்த்துவிடுவாள். பேசுகிறவர் அவளுடைய அண்ணன் ஆசீர்.

குரலை வைத்து அவள் கண்டுபிடிக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் குரல் தடித்துப் போயிருந்தது. தற்செயலாகக் கையில் அகப்பட்ட முதல் வீடியோவிலேயே, 'ஸ்ரீரங்கத்தின் இருபத்திரண்டு கோபுரங்களும்' என்று அவர் சொன்னார். திருச்சியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவை இருபத்தொன்று. இருபத்திரண்டு என்று சாதிக்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு.

அப்பா அடைக்கலராஜ் ஒருமுறை பிள்ளைகள் இரண்டு பேரையும் மலைக்கோட்டை உச்சிக்குக் கூட்டிப்போனார். காவிரிக்கு அந்தப் பக்கம் தெரிந்த கோபுரங்களை எண்ணச் சொன்னார். ஆசீர் விரல் விட்டு எண்ணி இருபத்திரண்டு என்றான். தூரத்தில் நின்ற ஒரு வாட்டர் டேங்கையும் சேர்த்துவிட்டிருந்தான். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நாலு பேர் கண்ணில் படும்படி ஒரு பிழை நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. "இருபத்தொண்ணுடா" என்றார். "நான் எண்ணினேன்ப்பா" என்றான் இவன். படி இறங்கி, பஸ் ஏறி, வீடு வந்து சேரும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. அம்மா பாக்கியமேரிதான் இரண்டு பேருக்கும் தட்டு வைத்து வாயை அடைத்தாள்.

அந்த அம்மா இறந்துபோன வருடம்தான் எல்லாம் கெட்டது. அவள் மோட்சத்துக்குப் போனாள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆசீருக்கு அது போதவில்லை. மோட்சம் என்றால் எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்க ஆரம்பித்தான். கண்ட புத்தகங்களை எல்லாம் படித்தான். மொட்டைமாடியில் படுத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆண்டவருடைய விண்ணேற்றத் திருநாளன்று, சாப்பாட்டு மேசையில் வைத்து, "மேகம் வந்து மறைச்சுதுன்னு எழுதியிருக்கே, அது மேகம் இல்லப்பா, கலம்" என்றான். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்றார். பெண்டாட்டியைப் புதைத்து இரண்டு மாதம் ஆன மனிதர். அவருக்கும் நெஞ்சு வெந்துகிடந்தது, ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. ஆசீர் மிதிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் பெயரும் அந்த வீட்டில் புழங்கவில்லை.

வீடியோவில் சில சமயம் மொட்டைமாடி தெரியும், அதற்கப்பால் மலைக்கோட்டையின் வடக்கு முகம் தெரியும். அப்படியானால் அண்ணன் ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறான். ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். பத்தொன்பது வருடம் எங்கெங்கோ அலைந்திருப்பான் என்று நினைத்தவள், இதைக் கண்டதும் அழுதுவிட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம். பயந்தாள். தங்கை மோப்பம் பிடித்துவிட்டாள் என்று தெரிந்து சேனலையே மூடிவிட்டுப் போய்விட்டால்? அப்பாவிடம் சொல்லவும் பயம், அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது இரண்டாவது முறை துரத்தியதாகிவிடும். அதனால் பார்ப்பதோடு சரி. கீழே ஒரு வேலையற்ற ஆள், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எழுத்தும் எண்ணுமாக, வாரம் தவறாமல் 'தவறு. 21.' என்று எழுதுவான். மற்றவர்கள் ஒருமுறை திருத்திவிட்டுப் போய்விட்டார்கள், இவன் மட்டும் விடாக்கண்டன். அண்ணனும் விடாமல் இருபத்திரண்டு என்பான். இவனுக்கெல்லாம் வீட்டில் ஆள் இல்லையா என்று பெலிண்டா பல்லைக் கடிப்பாள்.

ஒரு மாதத்துக்கு முன் அப்பா குளியலறை வாசலில் சாய்ந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டார்மா, பாக்கவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர். பார்க்கவேண்டியவர் ஒருவர்தான். பெலிண்டா லீவு போட்டுக் கட்டிலோடு உட்கார்ந்தாள். போனில் 'அண்ணா' என்று அடிப்பாள், அழிப்பாள். அப்பா வாயிலிருந்து ஒரு சம்மதம் வராமல் அவனை எப்படிக் கூப்பிடுவது? அந்த வாய்தான் இப்போது பேசவில்லையே.

நாலாவது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, அடுப்படி வாசலில் நின்று வீடியோவைப் போட்டாள். சமையலுக்கு வருகிற சந்திரம்மாள் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆசீர் அன்றைக்கு ரங்க விமானத்தின் கதையை எடுத்திருந்தான்.

"விபீஷணன் விமானத்தைத் தூக்கிட்டு இலங்கைக்குப் போறாரு. வழியில காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல சித்த நேரம் கீழ வைக்கிறாரு. திரும்பத் தூக்கினா வரலை. கலம் பழுதாயிருச்சுன்னு நான் சொல்வேன், நீங்க சிரிப்பீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. வந்தவங்க எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்க, இவரு ஒருத்தர்தான் தங்கிட்டாரு. தங்கினவரு எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருக்காரு? தெற்க. இருபத்திரண்டு கோபுரம் சுத்தி நிக்குது, அவரு அதுல எதையும் பாக்கலை. பிரிஞ்சு போனவன் ஊரு இருக்கிற திசையைப் பாத்துட்டே படுத்திருக்காரு."

கேமரா தெற்கே திரும்பியது. மலைக்கோட்டை, அதற்குப் பின்னால் புகை மூட்டமாகக் கட்டடங்கள். அந்தப் புகைக்குள்தான் மன்னார்புரமும் இருந்தது.

கேமரா அங்கேயே நின்றது. பிறகு, "இருபத்திரண்டுன்னு சொன்னேன்" என்றது குரல். "போன மூணு வாரமும் சொன்னேன். கீழ ஒருத்தர் தப்புன்னு எழுதுவாரு. மூணு வாரமா அவரைக் காணோம். நல்லா இருக்கீங்களா?"

அந்த வேலையற்றவனை அண்ணன் ஏன் இப்படி விசாரிக்கிறான் என்று பெலிண்டாவுக்குப் புரியவில்லை. அதற்குள் சந்திரம்மாள் கீரையோடு எட்டிப்பார்த்தாள்.

"இது ஐயா பாக்குற படமாச்சே டீச்சரம்மா."

"எந்த ஐயா?"

"நம்ம ஐயாதான். நீங்க வெள்ளிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு லேட்டா வருவீங்கல்ல. அஞ்சு மணி அடிச்சா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாரு. என்னங்கய்யான்னு கேட்டா, ஒருத்தன் பிழையாப் பேசுறான் சந்திரா, திருத்தணும்பாரு."

பெலிண்டா அப்பாவின் போனைத் தேடி எடுத்தாள். தலையணைக்கு அடியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. உயிர் வந்ததும் திறந்தாள். அதே எழுத்து, அதே எண். 'தவறு. 21.' 'தவறு. 21.' விரலால் தள்ளத் தள்ள இரண்டு வருடத்துக்குப் போனது. அவளுக்கு ஒரு வருடம் முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டிருக்கிறார். எப்படி என்று கேட்க இப்போது வழியில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், சேனலின் முதல் வீடியோவில், முதல் வரி கொஞ்சம் நீளமாக இருந்தது: 'தவறு. கோபுரம் 21. வாட்டர் டேங்க் கோபுரம் ஆகாது.' அதற்குப் பக்கத்தில் சேனல்காரர் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார்.

அப்படியானால் அண்ணனுக்கு முதல் நாளே தெரியும். திருத்த ஆள் வரட்டும் என்றுதான் வாராவாரம் தப்பாகச் சொன்னான். அப்பா, மகன் என்ற ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு பேரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் தான் ஒருத்தி காவல் காத்துக்கொண்டு இருந்ததை நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீடியோவின் கடைசிப் பகுதியை அப்பாவின் காதருகே வைத்தாள். 'நல்லா இருக்கீங்களா?' என்றது போன். அடைக்கலராஜின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"பதில் எழுதணும்ப்பா. என்ன எழுதட்டும்?"

இடது கை மெல்ல எழுந்தது. இரண்டு விரல். அவள் 2 என்று அடித்துவிட்டு அடுத்த விரலுக்குக் காத்திருந்தாள். கை தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. மறுபடியும் இரண்டு விரல்.

"இருபத்தொண்ணுப்பா" என்றாள், பிழை திருத்துகிறவரின் மகள்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டு, இரண்டு. வேண்டுமென்றே, நிதானமாக, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு காட்டினார்.

'22 சரி' என்று எழுதி அனுப்பினாள். வேறு எதுவும் சேர்க்க அவளுக்குக் கை வரவில்லை.

பதினைந்து நிமிடம் போனை வெறித்துக்கொண்டிருந்தார்கள். சந்திரம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு அவளும் வந்து நின்றாள். பிறகு பதில் வந்தது. பெலிண்டா உரக்கப் படித்தாள்.

"தவறு. இருபத்தொண்ணுதான்ப்பா. பஸ் ஏறிட்டேன்."

அப்பாவின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. இடது கை எதையோ சுட்டியது. தண்ணீரா என்றாள், இல்லை. தலையணையா என்றாள், இல்லை. கை கட்டிலைத் தட்டியது, வாசலைக் காட்டியது, மறுபடி கட்டிலைத் தட்டியது. சந்திரம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, அவரோடு சேர்த்தே கட்டிலை இழுத்து, வாசல் தெரியும்படி திருப்பிப் போட்டார்கள். பெலிண்டா போய் கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். அடைக்கலராஜ் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.